ஊட்டுல பேய்ப் படம் போட்டா ஏன் பயமே வரமாட்டேங்குது? (ஹால், டிவி, சத்தம், தோப்புத் திரை)

சோமனூர்த்தறி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. அதே படம் கோயமுத்தூர் தியேட்டர்ல பார்க்கறப்ப உடம்பு சில்லுங்குது, ஊட்டுல ஓடிடியில போட்டா சீரியல் மாதிரி போயிருது. ஹால் 16-க்கு 12 அடி, உயரம் 10 அடி. காங்கிரீட் கூரை, கீழ வெள்ளை டைல்ஸ். 55 இன்ச் டிவி, சின்ன வூஃபரோட சவுண்ட்பார், புளூடூத்துல கனெக்ஷன். சோபா பின் சுவத்தோட ஒட்டிக் கெடக்குது. ரெண்டு ஊடு தள்ளித் தறி ஓடுது. நல்ல வூஃபரா ஒண்ணு வாங்கிப் போட்டா சரியாயிருமுங்களா? கையில முப்பதாயிரம் இருக்குது.

கரூர்க்காரன்:
வாங்கிருங்க தம்பி. 12 இன்ச் வூஃபர், வால்யூம் ஏத்தி வெச்சா யாரா இருந்தாலும் அலறுவாங்க.

பீளமேடு ஒலி:
கரூரண்ணா சொன்னதை இப்போதைக்கு ஓரமா வைங்க தம்பி, காசு அப்படியே இருக்கட்டும். பேய்ப் படம் முக்காவாசி அமைதியிலதான் நடக்குது. உங்க ஹால்ல அந்த அமைதி இல்லை. அதை முதல்ல உண்டாக்குங்க, வூஃபர் பொறகு.

கணக்கைப் பாருங்க. தியேட்டர்ல முறைப்படி செட் பண்ணுன சவுண்டுன்னா, முன்னாடி இருக்கற ஒவ்வொரு ஸ்பீக்கரும் சோதனைச் சத்தத்துக்கு 85 டெசிபல் காட்டணும். அதுல உச்சம் 105, வூஃபர் சேனல் 115 வரைக்கும் போகும். அந்த அளவுல படத்துல ஒரு கிசுகிசுப்பு 55-ல வருதுன்னு வைங்க. ராத்திரி ஊட்டுல எல்லாரும் தூங்கறாங்கன்னு 25 டெசிபல் கொறைச்சுப் போடறீங்க. கிசுகிசுப்பு 30-க்கு எறங்கிருச்சு. மேல சுத்தற சீலிங் ஃபேன் நாலாம் நம்பர்லயே 45-ஐத் தொடும். ஆக, கிசுகிசுப்பு உங்க காதுக்கு வரவே இல்லை. பொண்ணு தனியா மாடிப்படி ஏறுற சீன்ல நீங்க கேட்டுட்டு இருக்கறது ஃபேனைத்தான்.

இன்னொண்ணு இதைவிடப் பெருசு. நம்ம காது அடிச்சத்தத்துக்கு, அதாவது பாஸ்ங்கற கனத்த கீழ்ச் சுருதிச் சத்தத்துக்கு, ரொம்ப மந்தம். 30 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 30 அதிர்வு) சத்தம் காதுல விழவே ஏறக்குறைய 60 டெசிபல் வேணும். 1000 ஹெர்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம் போதும். தியேட்டர்ல ஒரு உறுமல் 80-ல ஓடுது, உடம்புல உணர்றீங்க. ஊட்டுல 25 கொறைச்சா 55. அதாவது உறுமல் பாதியாகலை, மொத்தமாவே காணாமப் போயிருச்சு. ஆனா வசனம் மட்டும் தெளிவாக் கேக்குது. சீரியல் மாதிரி இருக்குதுன்னு சொன்னீங்களே, காரணம் இதுதான்.

வேலையை இந்த வரிசையில பண்ணுங்க. போன்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, ஏ வெயிட்டிங்குல (காதுக்குக் கேக்கற மாதிரி அளக்கற அமைப்பு) வெச்சு, உக்கார்ற இடத்துல அளந்து பாருங்க. ரெண்டு மூணு டெசிபல் முன்னப்பின்ன காட்டும், பரவால்லை. 35-க்குக் கீழ வரணும். ஃபேனை நிறுத்தி டேபிள் ஃபேனைத் தூரமா கால்மாட்டுல வைங்க, இல்லைன்னா பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் மாத்துங்க. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருந்தா கரண்ட் போனதும் சாதா ஃபேன் ரீங்காரம் போடும், பிஎல்டிசியில அது இருக்காது. ஃபிரிட்ஜ் ஹாலுக்குள்ள இருந்தா படம் முடியற வரைக்கும் ஆஃப் பண்ணிக்கலாம், ரெண்டு மணி நேரம் கதவைத் தொறக்காம இருந்தாப் போதும். தலைவாசக் கதவுக்கு அடியில இருக்கற சந்துல பழைய வேட்டியை உருட்டி வைங்க. வெளிச் சத்தம் நெறைய அந்த அரை இன்ச் வழியாத்தான் வரும்.

அப்புறம் புளூடூத்தை இன்னைக்கே கழட்டுங்க. சாதாரண புளூடூத்துல சத்தம் 150-ல இருந்து 250 மில்லி செகண்ட் தாமதமா வரும். 24 ஃபிரேம் படத்துல 200 மில்லி செகண்டுன்னா அஞ்சு ஃபிரேம். மூஞ்சி வந்து நின்ன பொறகு சத்தம் வருதுன்னா எங்கிருந்துங்க தூக்கிப் போடும்? டிவிச் சத்தத்தை ஒயர் வழியா சவுண்ட்பாருக்குக் கொண்டு போற எச்டிஎம்ஐ ஆர்க் கேபிள் ஒண்ணு போதும்.

சோமனூர்த்தறி:
கேபிள் மாத்தியாச்சுங்ணா. சவுண்ட்பார்ல நைட் மோட் ஆன்ல இருந்துச்சு, அதுவும் கெடுக்குமுங்களா?

பீளமேடு ஒலி:
கெடுக்கும். நைட் மோட் சின்னச் சத்தத்தைத் தூக்கிப் பெரிய சத்தத்தை அமுக்கும். ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துரும். ஆஃப் பண்ணுங்க. வசனம் கேக்கலைன்னா சென்டர் சேனலையோ டயலாக் லெவலையோ மட்டும் 2, 3 டெசிபல் ஏத்துங்க. மத்ததைத் தொடாதீங்க.

ஈரோட்டு வெளிச்சம்:
படத்தைப் பத்தி யாரும் சொல்லலை, நான் சொல்றேனுங்க.

முதல்ல சோபா. 16 அடி ஹால்ல பின் சுவத்தோட உக்காந்தா 55 இன்ச் டிவி உங்க கண்ணுக்கு 15 டிகிரி அகலம்தான். தியேட்டர்ல நடுவுல உக்காந்தா 40 டிகிரிகூட இருக்கும். நல்ல பேய்ப் பட கேமராக்காரர் உருவத்தை ஃபிரேமோட ஓரத்துல, இருட்டுல நிறுத்துவாரு. நம்ம கண்ணுல மங்கல் வெளிச்சத்தைப் பார்க்கற செல்கள் நடுப்புள்ளியில கெடையாது, ஓரத்துலதான் அடர்த்தி. நேரா பார்க்கறப்ப தெரியாதது கடைக்கண்ணுல தெரியறதுக்கு அதுதான் காரணம். 15 டிகிரியில மொத்தத் திரையும் நடுப்பார்வைக்குள்ள அடங்கிருது, கடைக்கண்ணுக்கு வேலையே இல்லை. நாற்காலியை டிவியில இருந்து ஆறு, ஆறரை அடிக்குக் கொண்டு வாங்க. 36 டிகிரி கிட்ட கெடைக்கும். பைசாச் செலவில்லாத வேலை இது, பலனோ எல்லாத்தையும் விட ஜாஸ்தி.

அடுத்தது கருப்பு. டிவியில விவிட், டைனமிக் எல்லாம் வேண்டாம், ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அது, இல்லைன்னா சினிமா. மோஷன் ஸ்மூத்திங்கை (ஃபிரேமுக்கு நடுவுல டிவியே புது ஃபிரேம் செருகறது) முழுசா ஆஃப். வெளிச்சத்தைப் பார்த்துத் தானா கூட்டிக் கொறைக்கற சென்சார், மின்சாரச் சேமிப்பு ரெண்டும் ஆஃப். இருட்டு சீன் வந்ததும் அதுக ரெண்டும் படத்தைப் பம்ப் அடிக்கிற மாதிரி ஏத்தி எறக்கும். இருட்டுல இருந்து வெளிச்சம் எப்படி ஏறணும்னு தீர்மானிக்கற காமா அமைப்பை 2.4 அல்லது பிடி 1886-ல வைங்க.

கருப்பு சாம்பலாத் தெரிஞ்சா செட்டாப் பெட்டியும் டிவியும் ஒத்துப் போகலைன்னு அர்த்தம். கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் பெட்டி 16-ல இருந்து 235-ன்னு எண்ணா அனுப்புது, டிவி 0-ல இருந்து 255-ன்னு எடுத்துக்குது. அப்படின்னா எல்லாம் வெளுத்துரும். தலைகீழா இருந்தா இருட்டுல இருக்கற உருவம் மொத்தமா முழுகிரும், பேய் நின்ன இடமே தெரியாது. ரெண்டு பக்கமும் லிமிடெட்னு (16-235) வெச்சுருங்க. சரிபார்க்க 2024-ல வந்த பிரமயுகம்ங்கற மலையாளப் படம் நல்லது, முழுக்கக் கருப்பு வெள்ளை. சாம்பல்ல நீலம் தட்டுனா கலர் டெம்பரேச்சரை வார்முக்கு மாத்துங்க.

கண்ணைப் பழக்கறதையும் விட்றாதீங்க. இருட்டுக்குக் கண்ணு முழுசாப் பழக 20-ல இருந்து 30 நிமிஷம் ஆகும். நடுவுல போனை எடுத்து வாட்ஸ்அப் பார்த்தா மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். படம் போடறதுக்குக் கால் மணி முன்னாடியே டியூப் லைட்டை அணைச்சுருங்க. டிவிக்குப் பின்னாடி மங்கலா ஒரு வெள்ளை எல்இடி பட்டை வெக்கலாம். எல்சிடி டிவின்னா அது கருப்பைக் கொஞ்சம் ஆழமாக் காட்டும். ஓஎல்இடின்னா தேவையில்லை.

வெள்ளை டைல்ஸ் டிவி வெளிச்சத்தைத் திருப்பித் திரைக்கே அனுப்புது. அதுக்கு ஒரு ஜமுக்காளம் விரிங்க.

பீளமேடு ஒலி:
ஜமுக்காளம்னதும் ஒண்ணு. பவானி ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சு நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவுல போட்டா எதிரொலியோட கூர்மை கொறையும், கைதட்டுனா கேக்குற கிணுகிணுப்பு நிக்கும். ஆனா அடிச்சத்தத்தை அது தொடவே தொடாது. அதுக்குத் தடிமன் வேணும்.

திருப்பூர் கிட்ட இருக்கறவங்களுக்கு ஒரு சுலப வழி. பனியன் வேஸ்ட் துணி எடைக்குக் கெடைக்கும். 2-க்கு 4 அடி, 4 இன்ச் ஆழத்துல ரீப்பர் சட்டம் அடிச்சு, பின்னாடி கொசுவலை கட்டி, துணியைப் பிச்சுப் பஞ்சாட்டம் பரத்தி நெரப்புங்க. ஒரு சட்டத்துக்கு 3 கிலோ சரியா இருக்கும். அஞ்சாறு கிலோ திணிச்சா கட்டியாயிரும், சத்தம் உள்ள போகாம மேலயே தெறிச்சுரும். கொறைச்சா மாசம் போகப் போகத் துணி எறங்கி மேல் பாதி காலியாயிரும், அதனால நடுவுல ரெண்டு எடத்துல நூலை ஊடாலக் கோத்து முடிச்சுப் போடணும். முன்னாடி ஊதுனா காத்து போற பருத்தித் துணி. ரெக்சின் போடவே கூடாது. சுவத்துல ஒட்டாம 4 இன்ச் தள்ளி மாட்டுனா இன்னும் கீழ வரைக்கும் உறிஞ்சும். நாலு சட்டம் போதும்: ரெண்டு பக்கச் சுவத்துல ஒண்ணொண்ணு, ரெண்டு பின்னாடி. சுவிட்ச் போர்டு, ஒயர் போற எடத்துக்குக் கிட்ட மாட்டக் கூடாது. பருத்தி சட்டுனு பத்திக்கும்.

கரூர்க்காரன்:
எல்லாம் சரிங்க. ஆனா 19 ஹெர்ட்ஸ் சத்தம் போட்டாலே மனுஷனுக்குப் பேய் தெரியும்ங்கறாங்களே. நல்ல வூஃபர் இருந்தா அதையும் கொண்டாந்தறலாமல்ல?

பீளமேடு ஒலி:
அந்தக் கதை எங்கிருந்து கெளம்புச்சுன்னா, 1998-ல விக் டேண்டியும் டோனி லாரன்ஸும் இங்கிலாந்துல எழுதுன ஒரு கட்டுரையில இருந்து. ஒரு ஆய்வுக்கூடத்துல புதுசாப் போட்ட எக்ஸாஸ்ட் ஃபேன் 19 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு அலையை அறைக்குள்ள நிறுத்தி வெச்சுருச்சு, கடைக்கண்ணுல சாம்பல் உருவம் தெரிஞ்சதுக்கு அதுதான் காரணம்னு சொன்னாங்க. ஒரே எடத்துல நடந்ததை வெச்சு எல்லாருக்கும் பேய் தெரியும்னு சொல்ல முடியாதுங்ணா. அதுவும் போக, சவுண்ட்பார் வூஃபர் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ மூச்சே விடாது. 19 ஹெர்ட்ஸ் காதுல விழவே 80 டெசிபல் கிட்ட வேணும்.

தம்பியோட ஹால்ல உள்ளபடியே, சுவத்துக்குச் சுவர் மோதி நிக்கற அலைகளைச் சொல்றேன். 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56. பின் சுவத்தோட உக்காந்தா நீளத்துல நிக்கற அந்த 35 ஊதிக்கிட்டுக் கேக்கும், எந்த உறுமலும் ஒரே மாதிரி கும்முனு இருக்கும். ஹாலுக்குச் சரிபாதியில உக்காந்தா 35 காணாமப் போயிரும். டிவியில இருந்து ஆறடிங்கறது டிவிச் சுவத்துக்கும் சரிபாதிக்கும் நடுவுல விழுது, நல்ல எடம்.

வூஃபர் வெக்க வேண்டிய எடம் கண்டுபிடிக்க: வூஃபரைத் தூக்கி நாற்காலி மேலயே வைங்க. 30-ல இருந்து 80 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏர்ற சோதனைச் சத்தத்தைப் போடுங்க. நீங்க சுவத்தோரமாத் தவழ்ந்து போயி, காது தரையில இருந்து ஒரு அடி உயரத்துல இருக்கற மாதிரி கேளுங்க. எங்க எல்லாச் சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவா வருதோ அங்க வூஃபரைக் கொண்டாந்து வைங்க.

தறிச் சத்தத்துக்குத்தான் சுலபமா வழி இல்லை. சாதாத் தறி நிமிஷத்துக்கு 120-ல இருந்து 160 பிக் (ஊடு நூல் ஓட்டம்) அடிக்கும், செகண்டுக்கு ரெண்டு தட்டு. அது காத்துல மட்டும் வர்றதில்லை, அஸ்திவாரம் வழியாத் தரையில ஏறி வருது. ஜன்னலை எத்தனை அடைச்சாலும் நிக்காது. நாற்காலிக் காலுக்கடியில ரப்பர் பேட் வெச்சா உடம்புல ஏர்றது கொறையும். மத்தபடி தறி நிக்கற நாள்ல பாருங்க.

கோபி எடிட்டர்:
அண்ணா சொன்ன புளூடூத் விஷயத்துல இன்னொரு காரணமும் இருக்குங்க. திடுக்கிடறதுங்கறது மூளைத்தண்டுல நடக்கற அனிச்சை. சத்தம் காதுல விழுந்து 40 மில்லி செகண்ட் சுமார்ல கண்ணு இமைச்சுரும். நெனச்சுத் தடுக்க நேரமே இல்லை. ஆனா பெரிய சத்தத்துக்கு 100 மில்லி செகண்ட் சுமார் முன்னாடி ஒரு சின்னத் தூண்டல், ஒரு கிளிக்கோ ஒரு மின்னலோ வந்துட்டா, அந்தத் துள்ளல் நல்லாவே கொறைஞ்சுரும். ஆய்வுக்கூடத்துல பல தடவை நிரூபிச்ச விஷயம் இது. படம் முன்னாடி, சத்தம் பின்னாடி வந்தா படமே அந்தச் சின்னத் தூண்டலாயிருது.

குறும்படம் எடுக்கற தம்பிங்க இதைக் கவனிச்சுக்குங்க. பயமுறுத்தற சத்தத்துக்கு முன்னாடி ஒரு ஊஷ் சத்தம் ஏத்திக்கொண்டு போறது இப்பப் பழக்கமாயிருச்சு. அது பார்க்கறவங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ற வேலை. அதை எடுத்துட்டு மூணு, நாலு செகண்ட் அறைச் சத்தம் மட்டும் விடுங்க. மொத்தமா ஊமையாக்காதீங்க. சவுண்ட் செத்துப் போனதும் எல்லாரும் காதைப் பொத்திக்குவாங்க. குத்துச் சத்தம் உச்சத்துக்கு ஏர்றது 10 மில்லி செகண்டுக்குள்ள இருக்கணும், ஃபேட் இன் வேண்டாம். ஷாட் மாறுற கட்டுக்குச் சரியா அதே ஃபிரேம்ல வைங்க. ஒரே மாதிரி திடுக்கிடல் மூணாவது தடவை பாதிகூட வேலை செய்யாது.

ஏற்கனவே பயத்துல இருக்கறவங்களுக்குத் துள்ளல் ஜாஸ்தி. அதனால திடுக்கிடல் கடைசியாச் செய்ய வேண்டிய வேலை. அதுக்கு முந்தின மூணு நிமிஷத்தைத்தான் கட்டணும். கதவை அகலமான ஷாட்ல வெச்சு, நமக்குப் பழகுன நேரத்தைவிட நாலு செகண்ட் கூட நிறுத்துங்க. உருவம் வரலைன்னாலும் பார்க்கறவங்க கண்ணு ஃபிரேம் பூராவும் தேட ஆரம்பிச்சுரும்.

சத்தத்துக்கு, ஒரே சுருதியில இழுத்துக் கேக்கற வெளிநாட்டு டிரோன் இசை மட்டுமே எல்லாரும் தேடறாங்க. நம்ம பக்கத்துல அண்ணமார் கதைங்கற கொங்கு நாட்டார் கதைக்கு அடிக்கிற உடுக்கை இருக்குது. நடுக் கயித்தை அமுக்க அமுக்கத் தோல் இறுகி சுருதி மேல ஏறும், விட்டா எறங்கும். அந்த வழுக்கல் மனுஷக் குரல் அழற மாதிரி இருக்கும். கொங்குக் காதுக்கு அது சாமி வர்றதோட சேர்ந்த சத்தம், ஒரே அடி போதும். மைக்கை ஒரு அடி தூரத்துல, தோலுக்கு நேரா வைக்காம 45 டிகிரி சாய்ச்சு வெச்சா அடியோட கூர்மை உடையாமப் பதிவாகும்.

சேலம் நடுவரிசை:
எடிட்டர் அக்காவுக்கு ஒரு கேள்வி. நம்ம படங்கள்ல பேய் வந்ததும் காமெடி, அப்புறம் பாட்டு. அதுல பயம் எப்படி நிக்கும்?

கோபி எடிட்டர்:
அது வேற சமையல்ங்க தம்பி. 2007 முனி, 2011 காஞ்சனா வழியில வந்த படங்க கூட்டத்துக்காகச் செஞ்சது. பயந்தப்ப ஏறுன நாடித்துடிப்பு உடனே எறங்காது, சில நிமிஷம் நிக்கும். அந்த நேரத்துல வர்ற சிரிப்பு ரெட்டிப்பாகும். அரங்கு நெரம்பி இருந்தா அது அருமையா வேலை செய்யும். ரெண்டு பேரு உக்காந்து பார்த்தா தட்டையா இருக்கும். அமைதியா நகர்ற படம் நேர் எதிர்: நாலு பேருக்கு மேல இருந்தா ஒருத்தர் வாயத் தொறந்துருவாங்க. 2009-ல வந்த யாவரும் நலம் மாதிரி டிவிப் பெட்டியே கதையில இருக்கற படத்தை ஊட்டு டிவியிலதான் பார்க்கணும்ங்கறது என் எண்ணம், அதுக்குத் தியேட்டரைவிட ஹால்தான் பொருத்தம்.

இடைவேளையும் அப்படித்தான். நம்ம படத்துக்கு இடைவேளையைக் கணக்குப் பண்ணியே எழுதறாங்க. வெளிநாட்டுப் படத்துக்குத் தியேட்டர்ல எங்கயோ நடுவுல வெட்டுவாங்க, கட்டி வெச்ச மூணு நிமிஷம் பூராவும் போச்சு. அந்த மாதிரிப் படத்துக்கு ஊட்டுல நிறுத்தாமப் பாருங்க, தண்ணி, காபி எல்லாம் முன்னாடியே.

சேலம் நடுவரிசை:
தியேட்டருக்குப் போறவங்களுக்கு நானும் கொஞ்சம் சேர்க்கறேன். திரையில இருந்து மூணுல ரெண்டு பங்கு தள்ளி, நடு சீட்டு. சவுண்டைச் செட் பண்றப்ப மைக்கை அந்தப் பகுதியிலதான் நிறுத்துவாங்க. 3டி-க்காக வெள்ளித் திரை போட்ட அரங்குன்னா ஓர சீட்டு வேண்டவே வேண்டாம். அந்தத் திரை வெளிச்சத்தை நேரா நடுவுக்கே திருப்பி அனுப்பும், ஓரத்துல உக்காந்தவங்களுக்கு எதிர் மூலை செத்துக் கெடக்கும். மூலையில நிக்கற பேய் அவங்களுக்கு இல்லை. 2டி படத்துக்கு 3டி லென்ஸைக் கழட்டாம ஓட்டறதும் உண்டு, படம் மொத்தமா மங்கிரும். விதிப்படி திரை நடுவுல வெள்ளை 48 நிட்ஸ் (திரையில இருந்து வர்ற வெளிச்சத்தோட அளவு) இருக்கணும். மங்கலாத் தெரிஞ்சா முதல் பத்து நிமிஷத்துலயே எந்திரிச்சுப் போயி ஆபரேட்டர்கிட்ட மரியாதையாச் சொல்லுங்க, பாதிப் பேரு மாத்திக் குடுத்துருவாங்க.

கோயமுத்தூர்ல சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-லயே வெரைட்டி ஹால் கொட்டகையை நிரந்தரமா நிறுத்துனாரு, அந்த ரோட்டுக்கு இன்னைக்கும் அதுதான் பேரு. அத்தனை பழைய சினிமா ஊருங்க இது. நல்ல வெளிச்சம் கேட்டு வாங்கறது நம்ம உரிமை.

பொள்ளாச்சித் தோப்பு:
தோட்டத்துச் சாளையில ஒரம்பரை (சொந்தக்காரங்க) வர்றப்ப திரை கட்டிப் போடலாம்னு கேக்கறவங்களுக்கு. 10 அடி அகலத் திரைன்னா பரப்பு 56 சதுர அடி, தியேட்டர் வெளிச்சத்துக்கு நிஜமான 800 லூமன் (புரொஜெக்டர் விடற மொத்த வெளிச்சத்தோட அளவு) போதும். ஆனா மலிவு புரொஜெக்டர் பெட்டியில 9000-ன்னு போட்டிருக்கறதை நம்பாதீங்க, முறைப்படி அளந்த ஆன்சி லூமன் எவ்வளவுன்னு கேளுங்க.

அதைவிட முக்கியம் தெருவிளக்கு. திரை மேல 5 லக்ஸ் (ஒரு பரப்பு மேல விழற வெளிச்சத்தோட அளவு) விழுந்தாலே கருப்பு 1.6 நிட்ஸ் ஆயிரும். 48-க்கு 1.6-ன்னா 30-க்கு 1. இருட்டு சீன்ல ஒண்ணும் தெரியாது. பௌர்ணமி நிலா கால் லக்ஸ்தான், 600-க்கு 1 கெடைக்கும். நிலாவைப் பத்தி வெசனப்படாதீங்க, விளக்குக் கம்பத்துக்கு முதுகைக் காட்டித் திரையைக் கட்டுங்க.

ஆடிக் காத்துல பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் திரை நிக்காது. மத்த மாசத்துலயும் கயித்தை நேராக் கட்டாம, ஒவ்வொரு வளையத்துக்கும் சைக்கிள் கேரியர் ரப்பர் போட்டுக் கட்டுனாத் திரை கிழியாது. வெளியில அறைச்சுவரு இல்லாததால அடிச்சத்தம் பறந்துரும். வூஃபரைச் சாளைச் சுவத்து மூலையில வைங்க. ராத்திரி 10 மணிக்கு மேல வெளியில ஸ்பீக்கர் போடச் சட்டம் விடாது. சித்திரை, வைகாசியில ஏழே கால், ஏழரைக்கெல்லாம் நல்லா இருட்டிரும், அப்பவே ஆரம்பிச்சா ரெண்டேகால் மணி நேரப் படம் நேரத்துக்குள்ள முடியும்.

சோமனூர்த்தறி:
எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு. தமிழ் டப்பிங்ல பார்க்கறதா, சப்டைட்டில் வெச்சா? ஊட்டுல ஏழாவது படிக்கற பையனும் இருக்கறான்.

ஈரோட்டு வெளிச்சம்:
சப்டைட்டில் வைங்க தம்பி. டப்பிங்ல குரலை மைக்குக்குப் பக்கத்துல நின்னு பேசி மேல தூக்கி வெச்சுருவாங்க, தூரத்துல இருந்து வர்ற குரல்கூட காதுக்கிட்டப் பேசற மாதிரி ஆயிரும். ஆனா சப்டைட்டில் பளிச் வெள்ளையில இருந்தா இருட்டு சீன்ல ஒவ்வொரு வரிக்கும் கண்ணு கூசும். அமைப்புல போயி எழுத்தைச் சாம்பல் நிறமாக்குங்க, பாதி ஒளிபுகுதல் வைங்க, பின்னணிக் கட்டத்தை எடுத்துருங்க.

பையனுக்கு: 2024 சென்சார் விதிப்படி யூஏ சான்றிதழ்ல 7, 13, 16-ன்னு வயசு போட்டிருக்கும், படம் போடறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. வலிப்பு வந்தவங்க யாராச்சும் ஊட்டுல இருந்தா, செகண்டுக்கு மூணுக்கு மேல வெட்டி வெட்டி மின்னுற சீன் இருக்கற படமே வேண்டாம். வேற வழி இல்லைன்னா லைட்டைப் போட்டுத் தள்ளி உக்காந்து பார்க்கச் சொல்லுங்க. மின்னல் வந்தா ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசா மூடிக்கணும். ரெண்டு கண்ணையும் சும்மா மூடறது பத்தாது, இமை வழியா வெளிச்சம் உள்ள போகும்.